கம்பெனி செலவில் ட்ரக் டிரைவிங் ஸ்கூல்: கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகும்?

டல்லாஸ்கதிர் (கேள்வி)

வணக்கம். டெக்சாஸில் கிளாஸ் ஏ சி.டி.எல் (பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும் லைசன்ஸ்) எடுக்கப் பார்க்கிறேன். கிரீன் கார்டு உண்டு, வயது 31, லைசன்ஸில் டிக்கெட் எதுவும் இல்லை. ஒரு பெரிய ட்ரக்கிங் கம்பெனி தானே நடத்தும் பள்ளியில் இடம் தருகிறது. பள்ளி வேறு மாநிலத்தில். "ஒரு பைசா வேண்டாம், பஸ் டிக்கெட், மோட்டல் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று ரெக்ரூட்டர் போனில் சொல்கிறார். ஆனால் அனுப்பிய காகிதத்தில் பயிற்சிக் கட்டணம் 6,500 டாலர் என்றும், 12 மாதம் வேலை செய்தால் தள்ளுபடி என்றும் போட்டிருக்கிறது. வீட்டுக்கு அருகிலேயே ஒரு தனியார் பள்ளி 5,000 டாலர் கேட்கிறது.

இப்போது வாரத்துக்குக் கைக்கு 700 டாலர் வருகிறது. வாடகையும் கார் தவணையும் நிற்காது. முதல் சம்பளம் வரும்வரை எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்? எந்த வழி கடைசியில் மலிவு? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் நல்லது.

பதினெட்டுசக்கரம்

கதிர், பள்ளி வாசலில் கட்டணம் வாங்கமாட்டார்கள் என்ற அளவில் ரெக்ரூட்டர் சொல்வது சரிதான். செலவு வேறு இடங்களில் இருக்கிறது. அதில் பெரியது, சம்பளம் வராத வாரங்கள்.

கம்பெனிப் பள்ளிகள் பெரும்பாலும் 3 முதல் 4 வாரம் நடக்கும். சில கம்பெனிகள் முதல் நாளிலிருந்தே சம்பளம் போடுகின்றன. பல கம்பெனிகள் லைசன்ஸ் கைக்கு வரும்வரை ஒன்றும் தருவதில்லை. உங்கள் கம்பெனி எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள். சம்பளம் இல்லை என்றால் 4 வாரத்துக்கு 700 வீதம் 2,800 டாலர் வருமானம் போய்விடும். லைசன்ஸ் எடுத்ததும் ஓரியன்டேஷன், அதற்குப் பிறகு ட்ரைனரோடு அவர் வண்டியில் சில வாரம் ஓட்டிப் பழகுவது. அந்த வேலைக்கான முதல் காசோலை ஒன்று, ஒன்றரை வாரம் தள்ளித்தான் வரும். இது இழப்பு ஆகாது, தாமதம்தான். ஆனால் வீட்டு ஓனர் தாமதத்துக்குக் காத்திருக்கமாட்டார். ஆகவே ஐந்தரை வாரம் வருமானமே இல்லை என்று வைத்துக்கொண்டு வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்தது கைச்செலவு. மோட்டல் அறையைக் கம்பெனி தரும் (இரண்டு பேருக்கு ஓர் அறை என்பதுதான் வழக்கம்). சாப்பாட்டை எல்லாரும் தருவதில்லை. ஒரு நாளைக்கு 25 டாலர் என்றால் 28 நாளுக்கு 700. அறையில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு சின்ன ரைஸ் குக்கரை எடுத்துப் போனால் இந்த 700-ஐப் பாதியாக்கலாம், மோட்டல் அனுமதித்தால். டெக்சாஸில் லேர்னர் பெர்மிட்டுக்கு 25 டாலர், எட்டு வருட சி.டி.எல்லுக்கு 97 டாலர். டி.ஓ.டி (கூட்டரசுப் போக்குவரத்துத் துறை) மருத்துவப் பரிசோதனை வெளியில் 75 முதல் 150 வரை. பூட்ஸ், கையுறை, டார்ச், ஒற்றைப் படுக்கைக்கான விரிப்பு, போர்வை எல்லாம் சேர்த்து ஒரு 200. ஆக, வீட்டுச் செலவு போக ஏறக்குறைய 1,100 டாலர் ரொக்கம் கையில் இருக்க வேண்டும்.

இனி, யாரும் எழுதிக் காட்டாத கணக்கு ஒன்று. பள்ளிக் கடன் உள்ள டிரைவருக்கு முதல் வருட மைல் ரேட்டை (ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் தரும் சம்பளம்) குறைத்து வைக்கும் கம்பெனிகள் உண்டு. வித்தியாசம் மைலுக்கு 6 சென்ட் என்று வையுங்கள். வாரத்துக்கு 2,000 மைல், வருடத்துக்கு 50 வாரம்: 6,000 டாலர். "தள்ளுபடி" என்று சொல்லும் 6,500-ஐக் கிட்டத்தட்ட அப்படியே உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதோடு வாரம் 50 டாலர் பிடித்தமும் இருந்தால் வருடத்துக்கு இன்னொரு 2,600. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "பள்ளி இலவசமா" என்பதல்ல. "சி.டி.எல்லோடு, அனுபவம் இல்லாமல், வெளியிலிருந்து வருகிறவனுக்கு என்ன மைல் ரேட் தருகிறீர்கள்? உங்கள் பள்ளியில் படித்தவனுக்கு என்ன?" என்பதுதான். இரண்டு எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள்.

தனியார் பள்ளிக்கு 5,000 கொடுத்தால் எப்படி இருக்கும்? அங்கே வார இறுதி வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 160 மணி நேரப் பயிற்சியை சனி, ஞாயிறு எட்டெட்டு மணியாகப் பிரித்தால் 10 வாரத்தில் முடியும். வேலையை விட வேண்டாம், 2,800 போகாது, சாப்பாடு வீட்டில். பிறகு கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கம்பெனியில் சேர்ந்தால் மாதத்துக்கு 200 வீதம் 5,000 வர 25 மாதம் ஆகும். நடுவில் வேறிடம் போனால் மிச்சம் வராது. ஆனால் யாருக்கும் கடனும் இல்லை. புதிய கம்பெனி மிச்சத்தை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

என் அபிப்பிராயம்: 5,000-ம் மூன்று மாத வீட்டுச் செலவும் சேமிப்பில் இருந்தால் தனியார் பள்ளி. இல்லையென்றால் கம்பெனிப் பள்ளி தப்பில்லை, ஒப்பந்தம் நேராக இருந்தால். அதிக வட்டிக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குப் போவதுதான் மூன்றிலும் மோசம்.

இன்னொன்று. கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஊர் வொர்க்ஃபோர்ஸ் சொல்யூஷன்ஸ் (வேலைவாய்ப்பு உதவி) அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். வேலை இழந்தவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் டபிள்யூ.ஐ.ஓ.ஏ என்ற கூட்டரசு வேலைப் பயிற்சி நிதியிலிருந்து பயிற்சிக் கட்டணம் கொடுப்பார்கள். பள்ளி அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், அனுமதி வந்தபிறகுதான் சேர வேண்டும். முதலில் சேர்ந்துவிட்டு ரசீதை நீட்டினால் கிடைக்காது. பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

பெர்மிட்_செல்வி

பதினெட்டுசக்கரம் அண்ணா பணக் கணக்கைச் சொல்லிவிட்டார். பஸ் ஏறுமுன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பலர் திரும்பி வருவது ஓட்டத் தெரியாமல் இல்லை. முதல் இரண்டு நாளில் மருத்துவத்திலோ, மருந்துச் சோதனையிலோ, காகிதத்திலோ மாட்டிக்கொண்டு.

மருத்துவப் பரிசோதனையைக் கம்பெனி இலவசமாகச் செய்து தந்தாலும், உங்கள் ஊரிலேயே ஒருமுறை எடுத்துவிட்டுப் போங்கள். நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற கூட்டரசுப் பட்டியலில் உள்ள பரிசோதகரிடம்தான் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடச் சான்றிதழ். 140–159 அல்லது 90–99 என்றால் ஒரு வருடம். 160–179 அல்லது 100–109 என்றால் மூன்று மாதத்துக்கு ஒரேயொரு தற்காலிகச் சான்றிதழ். 180/110-ஐத் தொட்டால் அன்றைக்குச் சான்றிதழ் இல்லை. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, இரண்டு காபி குடித்துவிட்டுக் கையை நீட்டினால் எண் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை மட்டும் என்றால் சமாளிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் கடைசி மூன்று மாத குளுக்கோமீட்டர் பதிவைத் தங்கள் டாக்டரிடம் காட்டி, அவர் நிரப்பிய படிவத்தோடு 45 நாளுக்குள் பரிசோதகரிடம் போக வேண்டும். நினைவகம் உள்ள மீட்டராக இருக்க வேண்டும், நோட்டில் எழுதியது செல்லாது. சான்றிதழும் அதிகபட்சம் 12 மாதத்துக்குத்தான். உடல் பருமன், தடித்த கழுத்து, குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை கேட்கலாம். அந்தப் பில் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும், கம்பெனி இன்ஷூரன்ஸ் அதற்குள் தொடங்கியிருக்காது.

மருந்துச் சோதனையில் நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு: கசகசா. குருமாவிலும் பாயசத்திலும் அரைத்து விடும் கசகசாவால் சிறுநீரில் மார்ஃபினும் கோடீனும் தெரியலாம். டி.ஓ.டி விதியில் வரம்பு மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராம். அதைத் தாண்டி 15,000-க்குக் கீழே இருந்தால், தவறாகப் பயன்படுத்தியதற்கு மருத்துவ அறிகுறி இருந்தால்தான் பாசிட்டிவ் என்று உறுதிசெய்வார்கள். 15,000-ஐத் தொட்டால் "சாப்பாட்டில் இருந்தது" என்ற பதில் செல்லாது. எதற்கு அந்த வம்பு? ஒரு வாரம் முன்பிருந்தே கசகசாவை விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தொடாதீர்கள். கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சி.பி.டி எண்ணெய்க்கும் விலக்கு கிடையாது. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி இருந்தாலும் சி.டி.எல்லுக்கு அது பாசிட்டிவ்தான். பாசிட்டிவ் ஆனால் கிளியரிங்ஹவுஸ் என்ற கூட்டரசு மருந்து, மதுச் சோதனைப் பதிவேட்டில் ஏறும். 2024 நவம்பர் 18 முதல் அப்படிப் பதிவானவருக்கு மாநிலம் சி.டி.எல் தரக்கூடாது, இருப்பதையும் தரம் இறக்க வேண்டும். சில கம்பெனிகள் முடியையும் சோதிக்கும். அது ஏறக்குறைய 90 நாள் பின்னோக்கிப் பார்க்கும்.

கிளியரிங்ஹவுஸில் இன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள். டிரைவருக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கு முன் கம்பெனி தேடிப் பார்க்க நீங்கள் இணையத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். அதற்குக் கணக்கு வேண்டும்.

பெர்மிட்டை டெக்சாஸிலேயே எடுங்கள். டெக்சாஸ் வணிக வண்டி விதிகள், பொது அறிவு, ஏர் பிரேக், காம்பினேஷன் (ட்ரெய்லர் இணைத்த வண்டி) நான்கு தேர்வும் எழுதிவிட்டுப் போனால் ஒரு வாரம் மிச்சம். மாநில சி.டி.எல் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. 2, 3, 5, 6 ஆம் பகுதிகளையும் டெக்சாஸ் விதிகள் உள்ள பகுதியையும் இரண்டுமுறை படித்தால் போதும், காசு கொடுத்துச் செயலி வாங்க வேண்டாம். பெர்மிட் வாங்கி 14 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வு எழுத முடியும். வகுப்பில் சேர்ந்த பிறகு பெர்மிட் எடுத்தால் அந்த 14 நாளும் மோட்டல் சாப்பாட்டுக் கணக்கில் ஏறும். வேறு மாநிலத்தில் தேர்வு எழுதினால் அந்த முடிவை டெக்சாஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் லைசன்ஸ் டெக்சாஸ்தான் தரும், அதற்காக ஊருக்கு வந்து போக வேண்டும். அந்தப் பயணச் செலவு யாருடையது என்று கேளுங்கள்.

பள்ளி எதுவானாலும் எஃப்.எம்.சி.எஸ்.ஏ-வின் (ட்ரக் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டரசு அமைப்பு) டிரெயினிங் புரொவைடர் ரெஜிஸ்ட்ரியில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். 2022 பிப்ரவரி 7 முதல் அந்தப் பட்டியலில் உள்ள பள்ளியில் படித்தவர்தான் தேர்வு எழுத முடியும். 2025 டிசம்பரில் ஏறக்குறைய 3,000 பள்ளிகளை நீக்குவதாக அறிவித்தார்கள். போன வருடம் இருந்த பெயர் இந்த வருடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கதிருக்கு கிரீன் கார்டு இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எச்-4 விசா இ.ஏ.டி (வேலை அனுமதி அட்டை), அகதி விண்ணப்ப இ.ஏ.டி உள்ளவர்கள் கவனிக்கவும்: 2025 செப்டம்பர் 29 அன்று வந்த அவசர விதி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கான சி.டி.எல்லை எச்-2ஏ, எச்-2பி, இ-2 விசாக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதன்மேல் வழக்கும் நடந்தது. இ.ஏ.டி மட்டும் இருந்தால் பள்ளிக்கு ஒரு டாலர் கட்டுமுன், எந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுமுன், மாநில லைசன்ஸ் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ரெக்ரூட்டர் சொல்லை இதில் நம்பவே வேண்டாம்.

டல்லாஸ்கதிர்

மிக்க நன்றி அக்கா, அண்ணா. ஒப்பந்தத்தை முழுதாக வாங்கிவிட்டேன், 9 பக்கம். முக்கியமானது இவ்வளவு: 12 மாதம் என்பது "தனியாக வண்டி ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து". நடுவில் விலகினாலும், "எக்காரணத்தாலும்" நீக்கப்பட்டாலும் முழு 6,500-ம் உடனே கட்ட வேண்டும். கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், மிச்சத்துக்கு வட்டி. ட்ரைனரோடு இருக்கும்போது வாரம் ஒரே தொகை. இது வழக்கமானதுதானா?

ஒப்பந்தவரி

கதிர், இதில் இரண்டு வரிகளை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலாவது, "எக்காரணத்தாலும்". டாக்டர் தகுதியில்லை என்று சொன்னாலும், கம்பெனி அந்தக் கிளையையே மூடினாலும், ஆள்குறைப்பு வந்தாலும் நீங்கள் கடன்காரர். நீங்களாக விலகினால், அல்லது கடுமையான தவறுக்காக நீக்கப்பட்டால் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். புது டிரைவர் முதல் மூன்று மாதத்தில் ரிவர்ஸில் எதையாவது உரசுவது சாதாரணம். யார்டில் ஒரு கண்ணாடி உடைந்ததற்கு வேலையையும் எடுத்து, 6,500-க்குப் பில்லும் அனுப்ப இந்த ஒரே சொல் இடம் கொடுக்கிறது.

இரண்டாவது, முழுத் தொகை. மாதாமாதம் குறைய வேண்டும். 12 மாதம் என்றால் மாதத்துக்கு 541 டாலர் 67 சென்ட் கழிய வேண்டும். பதினோராம் மாதம் முடித்து விலகினால் பாக்கி 541 டாலர் சொச்சம்தான். உங்கள் காகிதத்தின்படி அப்போதும் 6,500. இது மாறாவிட்டால் வேறு கம்பெனியைப் பாருங்கள்; மாதாமாதம் கழிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. நல்ல ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஏபி 692 சட்டத்தைப் பாருங்கள். 2026 ஜனவரி 1-க்குப் பிறகு போடப்படும் ஒப்பந்தங்களுக்குப் பொருந்துவது. வேறிடத்திலும் செல்லும் தகுதிக்கான கட்டணம் என்றால், வேலை ஒப்பந்தத்திலிருந்து தனிக் காகிதமாக இருக்க வேண்டும், தொகையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், காலத்துக்கு ஏற்பக் குறைய வேண்டும், கடுமையான தவறு இல்லாமல் நீக்கினால் வசூலிக்கக் கூடாது. டெக்சாஸில் அந்தச் சட்டம் உங்களைக் காக்காது, ஆனால் பேரம் பேச அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

"தனியாக வண்டி ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து" என்பதற்கும் விலை உண்டு. பள்ளி 4 வாரம், ட்ரைனர் 6 முதல் 8 வாரம், வண்டிக்காகக் காத்திருப்பு ஒரு வாரம். உங்கள் 12 மாதம் உண்மையில் 15 மாதம். லைசன்ஸ் தேதியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். மருத்துவ விடுப்பு, ஊருக்குப் போகும் விடுப்பு எடுத்தால் கடிகாரம் நிற்குமா என்பதையும் கேளுங்கள். அப்பா அம்மாவைப் பார்க்க ஆறு வாரம் இந்தியா போக வேண்டி வந்தால் இது பெரிய விஷயம்.

பிடித்தத்தைப் பொறுத்தவரை, கம்பெனியின் நன்மைக்கான செலவைச் சம்பளத்தில் பிடிப்பதால் அந்த வாரம் கூட்டரசுக் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளிக் கட்டணம் அந்த வகையில் வருமா என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது. ஆகவே வேலை செய்த மணிக் கணக்கை உங்கள் கையிலேயே எழுதி வையுங்கள். வண்டியில் வேலை நேரத்தைப் பதியும் மின்னணு லாக்கில் "ஆன் டியூட்டி" என்று போட வேண்டிய நேரத்தை "ஆஃப்" என்று போடச் சொன்னால் போடாதீர்கள். ட்ரைனர் ஓட்ட, நீங்கள் ஸ்லீப்பரில் (வண்டிக்குள் உள்ள படுக்கை) படுத்திருக்கும் நேரம் பற்றியும் ஒரு தீர்ப்பு இருக்கிறது: 24 மணியில் 8 மணிக்கு மேல் ஓடும் வண்டியின் ஸ்லீப்பரில் இருப்பது வேலை நேரமே என்று முதலாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் சொன்னது. டெக்சாஸ் அந்த எல்லைக்குள் வராது. ஆனாலும் வாரத் தொகையை மணியால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

விலக வேண்டி வந்தால் வண்டியைக் கம்பெனியின் டெர்மினலில் ஒப்படைத்து, கையெழுத்துள்ள ரசீது வாங்கி, உள்ளும் புறமும் படம் எடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். வழியில் விட்டுவிட்டு வந்தால் வண்டியை மீட்கும் செலவு தனியாக ஏறும். அதைவிட மோசம், டிரைவரின் வேலை வரலாற்றைக் காட்டும் டி.ஏ.சி ரிப்போர்ட்டில் "கைவிட்டுப் போனார்" என்று பதிவாவது. அடுத்து வேலை கேட்கும் இடமெல்லாம் அதைப் பார்க்கும். அந்த ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், தவறு இருந்தால் மறுக்கலாம்.

கடைசியாக, கடன் முடியுமுன் "லீஸ் பர்ச்சேஸ்" (வாடகை கட்டிக் கட்டிக் கடைசியில் சொந்தமாக்குவது) வண்டி எடுக்கச் சொல்வார்கள். பள்ளிக் கடன், வண்டி வாடகை, டீசல் எல்லாம் ஒரே காசோலையில் கழிந்தால் கையில் ஒன்றும் நிற்காத வாரங்கள் வரும். ட்ரக் லீஸ் பற்றி ஆராய எஃப்.எம்.சி.எஸ்.ஏ அமைத்த குழு, இந்த லீஸ் பர்ச்சேஸ் முறையையே தடைசெய்யச் சொல்லி 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வரிமீனா

வரிப் பக்கம் சுருக்கமாக. கம்பெனி எழுத்தில் கல்வி உதவித் திட்டம் வைத்திருந்தால், அது தரும் கல்விச் செலவில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வரி இல்லை. அதற்கு மேல் உள்ளதும், திட்டமே இல்லையென்றால் முழுத் தொகையும், டபிள்யூ-2-இல் (வருடாந்திரச் சம்பளப் படிவம்) சம்பளமாக ஏறலாம். 6,500 தள்ளுபடியானால் எந்த வருடம், எந்தப் பெட்டியில் காட்டுவார்கள் என்று சம்பளப் பிரிவிடம் கேளுங்கள்.

தனியார் பள்ளிக்கு நீங்களே கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது, புதுத் தொழிலுக்கான படிப்பு என்பதால். ஆனால் கூட்டரசு மாணவர் உதவிக்குத் தகுதியுள்ள கம்யூனிட்டி காலேஜில் படித்தால் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் கேட்கலாம்: கட்டணத்தில் 20 சதவீதம். 5,000 கட்டினால் வரியில் 1,000 குறையும் (வரியே இல்லாதவருக்குத் திரும்பி வராது). டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் காலேஜ் வகுப்புகளின் கட்டணத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்கார்பரோரூபன்

தம்பி, இஞ்ச ஒன்ராறியோவில கதை வேற. 2017 ஜூலை 1 தொடக்கம் கிளாஸ் ஏ எடுக்கிறவர் குறைஞ்சது 103.5 மணித்தியாலம் படிக்கவேணும் எண்டு சட்டத்திலயே இருக்கு. அமெரிக்க விதியில அப்பிடி மணிக்கணக்கு இல்லை, பயிற்றுநர் "தேறிவிட்டார்" எண்டு சொன்னால் சரி. அதாலதான் அங்க விலை குறைஞ்ச பள்ளியள் ரெண்டு கிழமையில முடிச்சு விடுறது. சட்டம் கேக்காட்டிலும் கன கொம்பனியள் 120 அல்லது 160 மணித்தியாலச் சான்றிதழ் கேக்கும். காசு கட்ட முன்னம், சேர விரும்புற ரெண்டு மூண்டு கொம்பனியை எடுத்து "இந்தப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் உங்களுக்குச் சரியோ" எண்டு கேளுங்கோ.

இன்னொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால எத்தினை மணித்தியாலம் எண்டு கேளுங்கோ. ஒரு வண்டிக்கு நாலு பேரை ஏத்திப்போட்டு 160 மணித்தியாலம் எண்டு கணக்கு எழுதினால், உங்கட கையில வாறது 40 தான்.

ஏர்பிரேக்அன்பு

ரூபன் அண்ணை சொன்னது சரி. ஓட்டும் நேரம் குறைந்தால் தேர்வில் தோற்பார்கள், தோற்றால் செலவு ஏறும்: மறுதேர்வுக் கட்டணம், தேதி கிடைக்கும்வரை இன்னும் சில நாள் சம்பளமில்லாத மோட்டல். கம்பெனிகள் வாய்ப்பையும் எண்ணித்தான் தரும். ஒப்பந்தத்தில் எத்தனை வாய்ப்பு, மூன்றாவதிலும் தோற்றால் கட்டணம் யார் தலையில் என்று பாருங்கள்.

அதிகம் பேர் தோற்பது சாலையில் இல்லை. வண்டியைக் கிளப்பும் முன்பே, ஏர் பிரேக் சோதனையில். ஒரு படி விட்டாலும் அன்றைய தேர்வு முடிந்தது. காற்றை 120 பி.எஸ்.ஐ-க்கு (காற்றழுத்த அளவு) மேல் ஏற்றி, கம்ப்ரெஸர் தானாக நின்றதும் எஞ்சினை அணையுங்கள். சாவியைத் திரும்ப "ஆன்" நிலைக்கு மட்டும் கொண்டு வாருங்கள், ஸ்டார்ட் செய்யக் கூடாது. மஞ்சள் (பார்க்கிங் பிரேக்), சிவப்பு (ட்ரெய்லர் காற்று) இரண்டு குமிழையும் உள்ளே தள்ளுங்கள். ஊசி நிலைத்ததும் ஒரு நிமிடம் பாருங்கள். ட்ரெய்லரோடு 3 பி.எஸ்.ஐ-க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு கால் பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடித்து இன்னொரு நிமிடம்; 4-க்கு மேல் இறங்கக் கூடாது. அதன்பின் பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்குங்கள். 55-க்குக் கீழே போகுமுன் பஸ்ஸரும் விளக்கும் வர வேண்டும். இன்னும் இறக்கினால் 20-க்கும் 45-க்கும் இடையில் இரண்டு குமிழும் தாமாகவே வெளியே துள்ளும்.

தவறு நடக்கும் இடம் சாவி. எஞ்சினை அணைத்த கையோடு சாவியை "ஆஃப்"-இலேயே விட்டுவிட்டால் பஸ்ஸர் வராது. வண்டியில் கோளாறு இல்லை, ஆனாலும் தோல்விதான். ஒவ்வொரு எண்ணையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் பார்த்தால் மார்க் இல்லை. ஓட்டும் தேர்வில் மொழிபெயர்ப்பாளர் கிடையாது. 2025 ஜூன் 25 முதல் சாலைச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவோ பலகையைப் படிக்கவோ முடியாவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ரிவர்ஸுக்கு ஒரு சின்ன வழி: ஸ்டியரிங்கை அடியில், ஆறு மணி நிலையில் பிடியுங்கள். கை போகும் பக்கம்தான் ட்ரெய்லரின் வாலும் போகும். மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழ். பாதி ஆட்களுக்குக் குழப்பம் வருவது அதில்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் லைசன்ஸில் "இ" என்ற கட்டுப்பாடு விழும், கியர் வண்டி ஓட்ட முடியாது. பெரிய கம்பெனிகளின் வண்டிகள் இப்போது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான் என்பதால் முதல் வேலைக்கு இது தடையில்லை. பின்னால் கியர் வண்டியில் மறுபடி தேர்வு எழுதி எடுத்துவிடலாம்.

டல்லாஸ்கதிர்

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் வாங்குகிறேன். ரெக்ரூட்டருக்கு என்ன எழுதிக் கேட்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஒப்பந்தவரி

ஐந்தே கேள்வி போதும், சின்ன மின்னஞ்சலாக. பள்ளி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, வாரம் எவ்வளவு? ட்ரைனரோடு எத்தனை மணி நேரம், வாரத் தொகை எவ்வளவு? உங்கள் பள்ளியில் படித்தவருக்கும் வெளிப்பள்ளியில் படித்தவருக்கும் முதல் வருட மைல் ரேட் என்ன? விலகும்போது பாக்கி மாதாமாதம் குறையுமா? மருத்துவக் காரணத்தாலோ ஆள்குறைப்பாலோ போனால் கட்டணம் உண்டா?

ரெக்ரூட்டர் உடனே போன் செய்வார். "நல்லது, அதையே பதிலாக எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். ஒப்பந்தத்தில் மாற்றிய வரிகளின் பக்கத்தில் கம்பெனி அதிகாரி சுருக்கொப்பம் போட்ட நகல் கைக்கு வரும்வரை பஸ் டிக்கெட்டை ஏற்றுக்கொள்ள வேண்டாம். சில ஒப்பந்தங்களில் டிக்கெட்டும் மோட்டலும் முதல் நாளிலிருந்தே கடனில் ஏறிவிடும். நான்காம் நாள் மனம் மாறித் திரும்பினாலும் அதற்குப் பில் வரும்.